இல்லந்தோறும் பானகம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் ஊர்களில் விழாக்களும் அணிவகுத்து வரத் தொடங்கிவிடுகின்றன. பங்குனி உத்திரம், ஸ்ரீராம நவமி, சித்திரைத் திருவிழா, அம்மன் கோயில் கொடைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இந்நாட்களில், ஏழை, செல்வர் என்ற வேற்றுமையின்றி எல்லோருடைய கைகளுக்கும் வந்து சேர்வது பானகம். மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளன்று வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் அதனை வழங்குகின்றனர். ஆந்திர நாட்டு மங்களகிரியில் நரசிம்மருக்கு அதுவே முதன்மையான நிவேதனம். ஆயினும், நம் வீடுகளில் அதன் இடத்தைப் புட்டியில் அடைத்த குளிர்பானங்கள் மெல்ல மெல்லக் கவர்ந்து வருகின்றன. பானகத்தை நல்ல முறையில் வீட்டிலேயே செய்வது எங்ஙனம் என்பதையும், நெசவாளரும் உழவரும் ஒருங்கே அங்கத்தினராயுள்ள நம் சங்கங்களுக்கு அதில் என்ன அக்கறை என்பதையும் இங்கே எடுத்துக்கூற விரும்புகிறோம்.

மேல்நாட்டாரும் நாமும்

விழாக் காலத்திற்கென்று வாசனைப் பண்டங்கள் சேர்த்த பானம் செய்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் திராட்சை மதுவுடன் இலவங்கப்பட்டை, கிராம்பு, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கி அருந்துவர். ஸ்வீடன் நாட்டார் அதில் ஏலக்காயும் சேர்ப்பர். ஆங்கிலேயர் 'பஞ்ச்' என்று வழங்கும் பானமோ நம் நாட்டோடு தொடர்புடையது. பதினேழாம் நூற்றாண்டில் இந்தியாவில் வாணிபம் செய்ய வந்த ஆங்கிலேயர் வழியாகவே அது அவர்கள் நாட்டில் பரவியது. ஐந்து என்று பொருள்படும் இந்திச் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்று பலரும் கூறுவர். மது, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், வாசனைப் பண்டம் என்பனவே அவ்வைந்து. இவற்றுள் மதுவை நீக்கிவிட்டால் எஞ்சி நிற்கும் நான்கும் நம் பானகத்தில் உள்ளவையே அல்லவா? வாரக் கூலியில் பாதியைப் பறிக்கும் அந்த ஐந்தாவது பொருள் இல்லாமலே நம் முன்னோர் விழாவைச் சிறப்பித்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வேண்டும் பொருள்கள்

ஒரு லிட்டர் பானகத்திற்கு வெல்லம் 160 கிராம், சுக்குத் தூள் 2 கிராம், ஏலக்காய் 5, மிளகு அரை கிராம், நடுத்தர எலுமிச்சம்பழம் 1, உப்பு ஒரு சிட்டிகை, துளசி இலை சில ஆகியவை போதும். கிராமக் கோயில்களில் எலுமிச்சைக்குப் பதிலாகப் புளி கரைத்து விடுவதும் உண்டு. பச்சைக் கர்ப்பூரம் சேர்க்க விரும்புவோர் ஒரு கடுகளவுக்கு மேற்படாமல் சேர்க்க வேண்டும். மிகுந்தால் கசப்பதோடு உடலுக்கும் தீங்காகும்.

இப்பொருள்கள் ஒவ்வொன்றிலும் உழவரின் உழைப்பு அடங்கியுள்ளது. ஏறத்தாழ 5 கிலோ பச்சை இஞ்சி உலர்ந்தால் 1 கிலோ சுக்கு கிடைக்கும். ஏலக்காயும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் உலர்ந்து சுருங்குகிறது. இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் ஏலம் விடப்படுகிறது. 100 கிலோ கரும்பை ஆட்டிச் சாற்றைக் காய்ச்சினால் கிடைப்பது சுமார் 10 கிலோ வெல்லமே. கரும்பு வெல்லத்திற்குப் பதிலாகக் கருப்பட்டியும் சேர்க்கலாம். பனையேறுவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதாலேயே சாறு புளிக்காமல் பதநீராக நிற்கிறது. சுண்ணாம்பு இல்லையெனில் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும்.

செய்முறை

வெல்லத்தைப் பொடித்து, காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்க வேண்டும். அடுப்பில் ஏற்ற வேண்டுவதில்லை. வெல்லத்தில் மண்ணும் சக்கையும் இருக்கக்கூடுமாதலால், கரைசலைக் கால் மணி நேரம் அசையாமல் வைத்திருந்து தெளிந்த பின்னர் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுக. புதிய கைத்தறித் துணியானால் அதில் பாவுக்கு ஏற்றிய கஞ்சி இருக்கும். அதனைக் கொதிநீரில் இட்டு அலசிய பின்னரே பயன்படுத்துக. நெசவாளர் இல்லங்களுக்கு இதனை நாம் சொல்ல வேண்டியதில்லை.

வடிகட்டிய நீரில் சுக்கு, இடித்த ஏலக்காய், மிளகுப் பொடி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, எலுமிச்சைச் சாற்றை இறுதியில் பிழிந்து, மண்பானையில் ஊற்றி வைத்தால் பானகம் தானே குளிரும். பனிக்கட்டி வேண்டா. செய்த அன்றே அருந்திவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் புளிக்கத் தொடங்கும். காலை முதல் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கும், வயலில் வெயிலில் நிற்பவருக்கும் நண்பகலில் இது நல்ல தெம்பளிக்கும். ஆனால் வெல்லமும் சர்க்கரையின் இனமே. நீரிழிவு உடையவர்களுக்கு, 'வெல்லந்தானே' என்று தாராளமாய் வழங்குதல் தகாது.

வெல்லத்தின் நிறம்

இனி, நம் சங்கங்களுக்கு நேரே தொடர்புடைய விஷயத்திற்கு வருவோம். கருப்பஞ்சாற்றைச் சுண்ணாம்பு நீரும் வெண்டைத் தண்டின் வழுவழுப்பும் கொண்டு தெளிவித்து, அழுக்கை அள்ளி நீக்கிக் காய்ச்சினால் கிடைக்கும் வெல்லம் பழுப்பு நிறமாயிருக்கும். கரும்பின் இனம், மண், தீயின் வேகம் ஆகியவற்றிற்கேற்ப அந்நிறம் சற்றுக் கூடும், குறையும். ஆனால் சந்தையில் கண்ணைப் பறிப்பது வெளிர் மஞ்சள் வெல்லமே. அதன் பொருட்டுக் கொப்பரையில் 'ஹைட்ராஸ்' என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்க்கின்றனர். அது நிறத்தை வெளுக்கச் செய்கிறது. கந்தகக் கூறும் வெல்லத்தில் தங்கிவிடுகிறது. அந்த வெளுப்பும் நிலையானதன்று. சில மாதங்கள் இருப்பில் வைத்தால் நிறம் மீண்டும் கறுக்கும். சர்க்கரை விலை தாழ்ந்துள்ள காலங்களில் சிலர் அதனையும் சாற்றில் கலப்பதுண்டு.

"வெளுப்பாயிருந்தால்தானே மண்டியில் விலை போகிறது?" என்று உழவர் கேட்கின்றனர். "கடையில் வெளுப்பு வெல்லந்தானே இருக்கிறது?" என்று வாங்குவோர் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே. இருவரும் ஒருவரையொருவர் அறியாத சந்தையில் இவற்றிற்கு விடை கிடைப்பது அரிது. ஆனால் நம் சங்கத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒரே பேரேட்டில் பெயர் எழுதப்பட்ட அங்கத்தினர்கள். இங்குமா விடை கிடைக்காது?

கூட்டுறவு பிறந்த வரலாற்றை இவ்விடத்தில் நினைவு கூர்தல் பொருந்தும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உட்பட 28 தொழிலாளர் ஒன்றுகூடி, 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு எனச் சில பண்டங்களே அங்கிருந்தன. கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில் கலப்பற்ற பொருளைச் சரியான எடையில் தருவதே அவர்கள் கொண்ட உறுதி. நெசவாளர் தொடங்கிவைத்த அந்த நெறியை நெசவாளரும் உழவரும் சேர்ந்த நம் சங்கங்கள் கைவிடலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

விழாவுக்கு ஒரு மாதம் முன்னரே, எத்தனை கிலோ வெல்லம் தேவைப்படும் என்று அங்கத்தினர் வீடுகளில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஹைட்ராஸ் சேர்ப்பதில்லை என்று எழுத்து மூலம் உறுதி தரும் உழவர் அங்கத்தினரிடம் அதனைக் கொள்முதல் செய்து, வெளுப்பு வெல்லத்திற்கு அன்று என்ன விலையோ அதே விலையைத் தரலாம். இதுவே இத்திட்டத்தின் உயிர்நாடி. நேர்மையாகக் காய்ச்சியவருக்கு விலைக் குறைவு என்றால், அடுத்த ஆண்டு அவரும் ஹைட்ராஸ் டப்பாவைத் திறக்கவே செய்வார். உறுதிமொழியோடு நில்லாது, மாதிரி ஒன்றை உணவுப் பகுப்பாய்வுக் கூடத்திற்கு அனுப்பிச் சோதித்தலும் வேண்டும். நிறத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் தீர்ப்பளித்தல் இயலாது.

விழா நாளில் சங்க வாயிலில் தண்ணீர்ப் பந்தல் அமைக்க விரும்பினால், 50 லிட்டருக்கு வெல்லம் 8 கிலோ, சுக்கு 100 கிராம், ஏலக்காய் 50 கிராம், மிளகு 25 கிராம், எலுமிச்சம்பழம் 50 தேவை. 200 மில்லி அளவுள்ள குவளையில் ஏறத்தாழ 250 பேருக்கு வழங்கலாம். இச்செலவுக்குத் துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, இரசீதுகளைக் கோத்து வைக்க வேண்டும். நல்ல காரியத்திற்குச் செய்த செலவானாலும் கணக்கின்றிச் செய்தால் தணிக்கையில் குறையாகவே எழுதப்படும்.

பந்தலில் பானகம் பருகும் நெசவாளர், அதிலுள்ள வெல்லத்தைக் காய்ச்சியவர் இன்னார் என்று அறிந்திருப்பார். காய்ச்சியவரும் தம் வெல்லம் யார் வீட்டுக் குழந்தைக்குச் செல்கிறது என்று அறிந்திருப்பார். அவ்வறிவு உள்ளவரையில் கொப்பரையில் கலப்படம் சேர எவருக்கும் மனம் வராது. வரும் விழாவிற்கு ஒவ்வொரு சங்கமும் ஒரு மூட்டை பழுப்பு வெல்லத்தையேனும் இம்முறையில் வாங்கித் தொடங்கிவைக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.