டீஸல் எண்ணெயின் வழுவழுப்பும் அதற்குரிய சேர்மானங்களும்

மாட்டு வண்டி வைத்திருப்போர் அச்சுக்கு மையிடாமல் வண்டியைப் பூட்டுவதில்லை. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்திடும் அந்த மை இல்லாவிடில் இருசும் குடமும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது யாவரும் அறிந்ததே. டீஸல் இஞ்சினிலும் இவ்விதியே செல்லும். பிஸ்டனுக்கும் கிராங்குக்கும் உரிய மசகெண்ணெயைக் காலத்தில் மாற்றக் குடியானவர் மறப்பதில்லை. ஆயினும், அம்மசகெண்ணெய் எட்டாத இடமொன்று இஞ்சினில் உண்டு. அது டீஸல் பம்பின் உட்புறம். அங்கே மசகாக நிற்பது எரியப்போகும் டீஸலேயன்றி வேறன்று.

பம்பினுள் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சூழ்ந்த பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் அளவே. அதாவது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இவ்விடைவெளி சிறிது அகன்றாலும் அழுத்தம் கசிந்துவிடும். அப்பொழுது இஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளம்பும். சூடேறிய பின் நிறுத்தினால் மீண்டும் கிளம்ப மறுக்கும். ஏரை ஆழமாக விட்டால் இழுக்காது. இக்குறிகளைக் கண்டு நாசிலை மாத்திரம் மாற்றிப் பணத்தைச் செலவழிப்போர் பலர். கிணற்றடியில் உள்ள ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினில் பம்பை இயக்கும் காமுக்கு இஞ்சினின் மசகெண்ணெய் கிடைப்பதால், அதில் பிளஞ்சருக்கு மாத்திரமே டீஸல் மசகாகிறது. டிராக்டர்கள் சிலவற்றில் உள்ள சுழல் பம்புகளிலோ எல்லா உறுப்பும் டீஸலையே நம்பியிருக்கின்றன. வழுவழுப்பற்ற டீஸலால் முதலில் கெடுவன இவையே.

டீஸலின் வழுவழுப்பு குறைந்ததன் காரணம் யாதெனில், கந்தகத்தை நீக்கியதாகும். புகையின் நச்சைக் குறைக்கும் பொருட்டு, சுத்திகரிப்புச் சாலைகளில் டீஸலை ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்துக் கந்தகத்தை அகற்றுகின்றனர். கந்தகம் போனதால் வழுவழுப்பும் போயிற்று என்று பலர் கூறுவது முற்றிலும் சரியன்று. கந்தகம் தானாக மசகன்று. அதை அகற்றும் வேலையில், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புள்ள பிராணவாயுச் சேர்க்கைப் பொருள்களும் நைட்ரஜன் சேர்க்கைப் பொருள்களும் கூடவே அழிந்துபோகின்றன. களை பிடுங்கும்போது பயிரும் சேர்ந்து வருவது போன்றதே இது.

இதன் பலனை முதலில் அனுபவித்தது ஸ்வீடன் தேசம். 1991-ஆம் ஆண்டில் அந்நாட்டார் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படாத கந்தகமுள்ள டீஸலுக்கு வரிச்சலுகை அளித்தனர். அவ்வெண்ணெய் பரவியதும் வண்டிகளின் பம்புகள் குறுகிய காலத்தில் தேய்ந்து கெடத் தலைப்பட்டன. சேர்மானம் கலந்த பின்னரே அத்தொல்லை நின்றது. இந்தியாவில் 2010-ஆம் ஆண்டின் விதிப்படி கந்தகம் 350 பங்கு வரை இருக்கலாம். 2017-இல் நாடெங்கும் 50 ஆயிற்று. 2020 ஏப்ரல் முதல் 10 ஆக்கப்பட்டது. ஆகவே, தந்தை காலத்து டிராக்டரில் இன்று ஊற்றப்படும் டீஸல் அவர் ஊற்றிய டீஸல் அன்று.

சேர்மானம் வேலை செய்யும் விதத்தை நாற்றங்காலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கொழுப்பமிலங்களும் அவற்றினின்று செய்யும் எஸ்டர்களும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றின் அணுக்கூட்டங்கள் ஒரு முனையால் இரும்பைப் பற்றிக்கொண்டு, மறுமுனையை வெளியே நீட்டி, வேரூன்றிய நாற்றுக்களைப்போல் நெருங்கி நிற்கும். இரண்டு உலோகப் பரப்புக்கள் அழுந்தும்போது இந்நாற்றுக்களே ஒன்றையொன்று தொடும். இரும்பை இரும்பு தொடாது. எண்ணெயின் தடிப்பு வேறு, வழுவழுப்பு வேறு என்பது இதனால் விளங்கும்.

இதனைச் சோதிக்கும் முறையும் உண்டு. 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகுக் குண்டை 200 கிராம் பளுவின்கீழ், 60 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள டீஸலில் மூழ்கிய எஃகுத் தகட்டின்மேல், நொடிக்கு 50 தடவை வீதம் 75 நிமிஷ நேரம் தேய்ப்பர். பின்னர்க் குண்டில் ஏற்பட்ட தேய்வுத் தழும்பை அளப்பர். இந்திய விதிப்படி அது 460 மைக்ரானுக்கு மேற்படலாகாது. அமெரிக்காவில் 520 வரை ஒப்புக்கொள்கின்றனர்.

இவ்வளவையும் கேட்ட குடியானவர், கடையில் விற்கும் புட்டியை வாங்கலாமா என்று வினவுவது இயல்பு. விதிப்படி விற்கப்படும் டீஸல் மேற்படி சோதனையில் தேறியாக வேண்டுமாதலால், தேவையான சேர்மானம் விற்பனைக்கு வருமுன்பே கலக்கப்பட்டிருக்கும். நல்ல பங்கில் வாங்குவோருக்குப் புட்டி அவசியமன்று. பழைய சுழல் பம்பு உடையவர்கள் பம்பு செய்தவரோ டிராக்டர் செய்தவரோ அனுமதித்த சரக்கை, சொல்லிய அளவில் சேர்ப்பதில் தவறில்லை. அளவை மிஞ்சினால் தீமையே உண்டு. சேர்மானத்தின் மூலச்சரக்கு 1,000 லிட்டர் டீஸலுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் போதும். கடைச் சரக்கு நீர்த்ததாதலின் அதன் சீட்டில் உள்ள கணக்கையே கொள்ளுக. அமில வகைச் சேர்மானம் மிகுந்துவிடின், அது இஞ்சின் மசகெண்ணெயின் காரப்பொருளோடு கூடிச் சோப்புப்போல் உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

கைப்பாகமாகக் கலப்பவை சிலவற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். கழிந்த இஞ்சின் எண்ணெயைக் கலப்பது பெருங்கேடு. அதிலுள்ள கரியும் உலோகப் பொடியும் சில மைக்ரான் இடைவெளியில் அரத்தைப்போல் அராவும். நிலக்கடலை எண்ணெயால் இஞ்சின் ஓடும் என்பது மெய்தான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீஸல் இஞ்சின் ஒன்று அவ்வெண்ணெயில் ஓடிக்காட்டப்பட்டது. ஆயினும் பச்சை எண்ணெய் தடித்தது. நாளடைவில் பிசினாகி நாசிலில் கரி கட்டும். அவ்வெண்ணெயையே சாராயச் சத்துடன் கூட்டி முறைப்படி செய்த பயோடீஸல் வேறு சரக்கு. டீஸலில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்கு அது கலந்தாலே வழுவழுப்புத் திரும்பிவிடும். எல்லாவற்றினும் தீயது மண்ணெண்ணெய்க் கலப்பு. அது டீஸலின் தடிப்பையும் வழுவழுப்பையும் ஒருங்கே குறைப்பதோடு சட்டத்துக்கும் விரோதமானது. சந்தேகமிருப்பின், பங்கில் உள்ள அடர்த்திமானியாலும் வெப்பமானியாலும் அளந்து காட்டும்படி கேட்கலாம். 15 டிகிரிக்குத் திருத்திய அடர்த்தி, பதிவேட்டில் உள்ள எண்ணினின்று 3-க்கு மேல் வேறுபட்டால் கிராம அதிகாரிகள் மேலிடத்துக்குத் தெரிவிக்கத் தக்கது.

நிற்க, உழவுப் பருவத்தில் பம்பு பட்டறையில் கிடந்தால் ஈரம் காய்ந்துபோகும். அவ்விதம் பட்டறைக்குச் செல்லும் பம்புகளைக் கெடுப்பதில் தண்ணீருக்கும் தூசிக்கும் பெரும்பங்கு உண்டு. எந்தச் சேர்மானமும் இவற்றுக்கு மருந்தாகாது. பீப்பாயில் டீஸல் வைத்திருப்போர் அதனை நிழலில், அடைப்பானுக்கு எதிர்ப்புறம் சற்றுத் தாழும்படி சாய்த்து வைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடிமண்டியைக் கலக்காமல் மேலாக எடுத்தல் வேண்டும். டாங்கை மாலையில் வேலை முடிந்தவுடன் நிரப்பினால், இரவில் குளிர்ந்த காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியாது. வடிகட்டியின் அடியிலுள்ள திருகைக் காலையில் இஞ்சினைக் கிளப்புமுன் சிறிது தளர்த்தி, தெளிந்த டீஸல் வரும்வரை நீரை வடித்துவிடுக.