உங்களுக்குத் தெரியுமா? மார்க்கையன்கோட்டையிலிருந்து ஸ்பானிஷ்

● கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்தவர்களைத் திணறடிப்பது ‘பிடிக்கும்’ என்ற வினைதான். ‘மெ குஸ்தான் லாஸ் உவாஸ்’ என்றால் ‘எனக்குத் திராட்சை பிடிக்கும்’. ஆங்கிலம் இங்கே ‘நான்’ என்று தொடங்கும். ஸ்பானிஷோ நம்மைப் போலவே ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்கும். வினைமுற்றும் அப்படித்தான்: ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’; தனியாக ‘நான்’ வேண்டாம். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டைப் பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சு. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல், தமிழிலிருந்தே நேராக ஸ்பானிஷ் படிப்பதுதான் சரி.

● டிசம்பர் 31 நள்ளிரவில் மணி பன்னிரண்டு அடிக்கும்போது, ஸ்பெயின்காரர்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சையாகப் பன்னிரண்டு தின்று புத்தாண்டை வரவேற்பார்கள். அதற்குப் பேர்போனது அலிகாந்தே மாகாணத்து வினலோப்போ திராட்சை. கொடியில் இருக்கும்போதே ஒவ்வொரு கொத்துக்கும் காகிதப் பை மாட்டிவிடுவார்கள். பூச்சி, மழை அண்டாது. பழுப்பதும் தள்ளிப்போகும், டிசம்பர் வரை காய் நிற்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பந்தலில் வளர்க்கும் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய சங்கதி.

● ஸ்பானிஷ் தேர்ச்சிக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். நடுவிலுள்ள பி1, பி2தான் இடைநிலை. ‘தெலெ’ தேர்வில் வென்றால் கிடைக்கும் சான்றிதழ் காலாவதி ஆகாது.

● தமிழ் எழுத்தை முதலில் அச்சுக்கு வார்த்தவர்களில் ஒருவர் ஸ்பெயின்காரர். கோவாவில் 1577இல் அந்த வேலையைச் செய்த இயேசு சபைச் சகோதரர் ஜுவான் கொன்சால்வெஸ். அடுத்த ஆண்டே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது.

● 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோ தூதராக இருந்த ஒக்தாவியோ பாஸ், ‘மதுரை’ என்ற தலைப்பிலேயே ஒரு கவிதை எழுதினார். 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

● கவிஞர் பாப்லோ நெரூதா 1929இல் சிலி நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தார். தன் வீட்டில் மலம் அள்ள வந்த தமிழ்ப் பெண்ணைப் பலவந்தம் செய்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்த நினைவுக் குறிப்பு நூல் 1974இல் வெளியானது. அந்தப் பெண்ணின் பெயர்கூட அதில் இல்லை. 2018இல் சான்டியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டும் பேச்சு எழுந்தபோது, சிலிப் பெண்ணுரிமையாளர்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். நெரூதாவின் காதல் கவிதைகளைப் பாடமாக வைக்கும் வகுப்பில் இந்தப் பக்கத்தையும் வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

● டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பி.ஏ. உண்டு, சியுஇடி நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், முன்பே ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹைதராபாத் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கிறார்கள். சின்னமனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், விண்ணப்பத் தேதி போவதற்குள் சொல்லிவிடுங்கள்.