புல்வெளி நாடோடிகளின் பகையும் உறவும்

உழுதுண்டு வாழும் மக்களுக்கு நிலத்தின் எல்லையை வரம்பும் வேலியும் காட்டும். மந்தை மேய்த்து வாழும் மக்களுக்கோ எல்லையென்பது அவ்வாண்டின் மழையையும் பனியையும் பொறுத்து மாறுவதொன்றாகும். கசுப்பியன் கடலின் வடகரை தொடக்கம் சீன எல்லை வரையும் பரந்து கிடக்கும் ஆசியப் புல்வெளியில் இத்தகைய வாழ்வு வாழ்ந்த இரு மக்கள் கசாக்கியரும் கல்மிக்கியருமாவர். பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவர்களிடையே நிலவிய பெரும் பகையைச் சமயப் பகையென்று கொள்வாருமுளர். நுணுகி நோக்குவார்க்கு அது பெரிதும் புல்லையும் நீரையும் பற்றி எழுந்த பகையென்பதும், அதன் பயனைப் பெற்றோர் இவ்விருவருமல்லாத பிறரே என்பதும் புலனாகும்.

கசாக்கியர் துருக்கிய மொழியினமொன்றைச் சேர்ந்த மொழியைப் பேசுவோர், இசுலாம் சமயத்தினர். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கெரேய், ஜானிபெக் என்னும் தலைவர் இருவர் இவர்தம் அரசை நிறுவினர். பிற்காலத்தில் இம்மக்கள் பெரிய ஜுஸ், நடு ஜுஸ், சிறிய ஜுஸ் என்னும் மூன்று பெரும் பிரிவினராய் வாழ்ந்தனர். கல்மிக்கியரோ ஒயிராத்தர் எனப்படும் மேற்கு மொங்கோலியரின் வழியினர். திபெத்திய பௌத்தத்தைத் தழுவியவர். ஒயிராத்தருள் தொர்கூத் என்னும் குலத்தார், கோ ஒர்லொக் என்னுந் தலைவன் கீழ், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு நோக்கிப் பெயர்ந்து வொல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியிற் குடியேறினர். கிழக்கில் தங்கியோர் இலி ஆற்றுப் பள்ளத்தாக்கை நடுவாகக் கொண்டு சுங்கார் அரசை அமைத்தனர். கசாக்கியர் இவ்விரு சாராரையும் கல்மாக் என்னும் ஒரு பெயராலேயே அழைத்தனர். இவ்வாறு கீழ்த்திசையிலும் மேற்றிசையிலும் ஒயிராத்தர் சூழ, இடையிற் கசாக்கியர் வாழ்ந்தனர்.

மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவர்கள் வாழ்க்கை முறையாற் பெரிதும் ஒத்தவராவர். இரு சாராரும் கம்பளிக் கூடாரத்தில் வாழ்ந்து, குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றை வளர்த்தனர். கோடை மேய்ச்சல் நிலம் ஓரிடத்தும் மாரி மேய்ச்சல் நிலம் வேறோரிடத்தும் இருந்தமையால், ஆண்டுதோறும் நெடுந்தூரம் பெயர்தல் வேண்டும். உருகிய பனி மீண்டும் உறைந்து பனிக்கட்டியாய் நிலத்தை மூடுமாயின், விலங்குகள் புல்லைக் கிளறி உண்ணவியலாது கூட்டங் கூட்டமாய் மடியும். இதனைக் கசாக்கியர் ஜுட் என்பர். மந்தையை இழந்தவன் அண்டையான் மந்தையை நாடுதல் இயல்பே. வழக்குத் தீர்க்கும் முறையாகவும் பழிவாங்கும் முறையாகவும் பிறர் கால்நடையைக் கவர்தலுக்குப் பரிம்தா என்று பெயர். நம் இலக்கண நூலார் வெட்சியெனவும் கரந்தையெனவும் வகுத்தோதிய ஒழுக்கத்தை அறிந்தார்க்கு இது விளங்குதல் எளிது.

இச்சிறு பூசல்கள் பெரும் போராக மாறியமைக்குச் சுங்கார் அரசின் எழுச்சியே காரணமாயிற்று. 1643 இல் ஜாங்கிர் என்னும் கசாக்கிய மன்னன் சுங்காரின் படையெடுப்பை எதிர்த்து நின்றான். எனினும் 1723 இல் நேர்ந்த தாக்குதலைக் கசாக்கியராற் தாங்க முடியவில்லை. மந்தையையும் உற்றாரையும் இழந்து அவர்கள் மேற்கும் தெற்கும் சிதறியோடினர். உள்ளங்கால் வெளுக்க ஓடிய அவ்வோட்டம் 'அக்தபான் சுபிரிந்தி' என்னும் பெயரால் இன்றும் அம்மக்கள் நினைவில் நிலைத்துள்ளது. மேற்கே ஒதுங்கியவர்கள் வொல்காக் கல்மிக்கியரின் மேய்ச்சல் நிலங்களை நெருங்கவே, அங்கும் பகை முற்றியது. இருபுறமும் நெருக்குண்ட சிறிய ஜுஸின் தலைவன் அபுல்கைர் 1731 இல் இரசியப் பேரரசுக்குப் பணிந்து உறுதிமொழி கூறினான். துணை நாடிச் சென்ற அச்செயலே பிற்காலத்தில் தளையாயிற்று.

பகையொன்றே இவர்தம் உறவென்று கருதுதல் பொருந்தாது. நடு ஜுஸின் தலைவனாகிய அப்லாய் சுங்காரிடம் சிறைப்பட்டிருந்து 1743 இல் விடுதலை பெற்றவன். அவனே 1756 இல், சீனருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றோடிவந்த அமுர்சனா என்னும் ஒயிராத்தத் தலைவனுக்குப் புகலிடம் அளித்தான். ஆயினும் சீனப் பேரரசின் படையும் பெரியம்மை நோயும் 1755 தொடக்கம் 1758 வரையுள்ள காலத்திற் சுங்கார் அரசை வேரோடழித்தன. இலிப் பள்ளத்தாக்கு ஆளற்றுப் போயிற்று.

அவ்வெறுமையே வொல்காக் கல்மிக்கியரைக் கிழக்கே ஈர்த்தது. அங்கு இரசியக் குடியேற்றம் மேய்ச்சல் நிலத்தைக் குறைத்தது. அவர்தம் மன்னனின் அதிகாரத்தில் இரசிய அரசு தலையிட்டது. துருக்கிப் போருக்குக் குதிரைவீரரைக் கேட்டது. மன்னன் உபாசி 1771 சனவரியில் ஏறத்தாழ 170,000 மக்களோடு முன்னோர் நாட்டுக்குப் புறப்பட்டான். அவ்வாண்டு வொல்கா ஆறு நன்கு உறையாமையால் மேற்குக் கரையிலிருந்தோர் ஆற்றைக் கடக்க இயலாது தங்கிவிட்டனர். புறப்பட்டோரின் வழி கசாக்கியர் நாட்டினூடாகச் சென்றது. சிறிய ஜுஸின் நூராலியும் நடு ஜுஸின் அப்லாயும் அவர்களைத் தாக்கினர். இரசிய அரசின் தூண்டுதல் ஒருபுறமிருக்க, பழைய பழியும் மந்தை மீதுள்ள வேட்கையும் தாக்கியோரை ஊக்கின. குளிரும் பசியும், பால்காசு ஏரியையடுத்த பாலையின் நீர்வேட்கையும் எஞ்சியோரை வாட்டின. இலியை அடைந்தோர் ஏறத்தாழ 70,000 பேரே. ஏனையோரிற் பலர் மாண்டனர். சிறைப்பட்டோர் கசாக்கியருட் கலந்து மறைந்தனர்.

இவ்வெற்றியாற் கசாக்கியர் எய்திய பயன் யாது? இரசியப் பேரரசி இரண்டாம் கதரீன் அவ்வாண்டே கல்மிக்கிய அரசை ஒழித்தாள். வெறுமையான வொல்காப் புல்வெளியில் 1801 இல் நூராலியின் மகன் பூகேய் தன் மக்களோடு குடியேறினான். ஆயின் அது இரசியப் பேரரசன் முதலாம் பவுல் வழங்கிய அனுமதியாலாகும். நடு ஜுஸில் 1822 இலும் சிறிய ஜுஸில் 1824 இலும் மன்னர் பதவி ஒழிக்கப்பட்டது. பகைவர் விட்டுச்சென்ற புல்லைப் பெற்றவர், அப்பகைவரைப் போன்றே தம் உரிமையையும் இழந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இரு மக்களும் ஒரே ஆட்சியின் கீழ்த் துன்புற்றனர். 1930 தொடக்கம் 1933 வரை, மந்தைகளைப் பறித்து நாடோடிகளை வலிந்து நிலைக்குடிகளாக்கிய கொள்கையால் விளைந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் கசாக்கியர். 1943 திசெம்பர் 28 ஆந் திகதி தொடங்கி, 90,000 க்கு மேற்பட்ட கல்மிக்கியர் சைபீரியா முதலாய இடங்களுக்கு நாடு கடத்தப்பட்டனர்; அவருட் சிலர் சென்றடைந்த இடம் கசகஸ்தானாகும். 1957 இலேயே அவர்களுக்குத் தாயகம் மீளும் உரிமை கிடைத்தது.

இன்று கல்மிக்கியா, எலிஸ்தா நகரைத் தலைநகராகக் கொண்டு இரசியக் கூட்டாட்சியுள் ஒரு குடியரசாக விளங்குகின்றது. கசகஸ்தான் 1991 இல் தனியரசாயிற்று. கசாக்கியரின் வீரகாவியங்களில் இன்றும் கல்மாக் என்னுஞ் சொல் பகைவனைக் குறிக்கின்றது. ஆயின் அக்காவியங்களைப் பாடுவோர் குருதியில் 1771 இற் சிறைப்பட்ட தாய்மாரின் குருதியும் கலந்துள்ளது. மேய்ச்சல் நிலத்துக்காகப் போரிட்ட இருவரும், அந்நிலத்தை அளந்து பங்கிடும் அதிகாரம் மூன்றாமவன் கையை அடைந்தமையைக் காலங்கடந்தே உணர்ந்தனர். புல்வெளி வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.