கார்பன் டை ஆக்சைடு தரையிலேயே தங்குமா?

கம்ப்யூட்டர் கேமில் வருகிற காற்றும் சூடும் நிஜம்தானா என்று உங்களில் சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கும். விளையாடும்போதே இப்படி யோசிக்கிறீர்களா? சபாஷ்!

'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடெட்' என்று ஒரு விளையாட்டு. கனடாவின் க்ளே நிறுவனம் 2019இல் முழுமையாக வெளியிட்டது. சிறுகோள் ஒன்றின் உள்ளே சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அறை கட்ட வேண்டும். மூச்சுவிட ஆக்சிஜன் தர வேண்டும். சூடு ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒரு இயந்திரம் 1000 கிராம் தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும். 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள், 1000 வருகிறதா? நிஜத் தண்ணீரிலும் எடைக் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஆனால் மூச்சுக் கணக்கு உதைக்கிறது. விளையாட்டு மனிதர் நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜனை இழுத்து, 2 கிராம் கார்பன் டை ஆக்சைடைத்தான் விடுகிறார். மீதி எங்கே? காணோம்! நமக்கு ஒரு நாள் முழுவதற்குமே சுமார் 840 கிராம் ஆக்சிஜன் போதும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடோ சுமார் ஒரு கிலோ. எடை எப்படிக் கூடியது? நாம் சாப்பிட்ட உணவிலுள்ள கார்பனும் அதில் சேர்ந்துவிடுகிறது!

சூடு எப்படி? தண்ணீர் மெதுவாகச் சூடேறும், உலோகம் சூட்டைச் சட்டென்று கடத்தும். இது விளையாட்டிலும் அப்படியே. வெற்றிடம் சூட்டைத் தடுத்து நிறுத்தும் என்கிறது விளையாட்டு. அது பாதிதான் உண்மை. நடுவில் வெற்றிடம் இருந்தும் சூரியனின் வெப்பம் நம்மிடம் வருகிறதே! அது கதிர்வீச்சு. விளையாட்டு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது நம் தலைப்புக்கு வருவோம். விளையாட்டின் உலகம் முழுவதும் சிறு சிறு கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வாயுதான் இருக்கலாம். அதனால் கனமான கார்பன் டை ஆக்சைடு அடியிலும், லேசான ஹைட்ரஜன் உச்சியிலும் தனித்தனி அடுக்காக நிற்கும்.

நிஜக் காற்று அப்படி நிற்காது. பள்ளி மணி அடித்ததும் வரிசை கலைந்து, எல்லா வகுப்புப் பிள்ளைகளும் மைதானத்தில் கலந்துவிடுவீர்கள் அல்லவா? வாயுத் துகள்களும் ஓயாமல் ஓடி ஒன்றோடொன்று கலந்துவிடும். புரிகிறதா?

பிறகு ஏன் கட்டத்துக்கு ஒரு வாயு? உலகம் முழுவதற்கும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் ஓயாமல் கணக்குப் போட வேண்டும். கலவைக் கணக்கையும் சேர்த்தால் வேலை பல மடங்காகிவிடும்.

நிஜத்தில் வாயு கலப்பதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். உயரமான கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு வினிகர் ஊற்றுங்கள். நுரை அடங்கியதும், எரியும் தீக்குச்சியைப் பெரியவர் உள்ளே இறக்கட்டும். தீ அணைந்துவிடும். கனமான வாயு அடியில் தங்கியிருக்கிறது. இதுவரை விளையாட்டு சொன்னது சரி!

தம்ளரைத் திறந்தபடியே வைத்து, மறுநாள் காலை மீண்டும் சோதியுங்கள். தீக்குச்சி எரியும். வாயு வெளிக்காற்றோடு கலந்து போய்விட்டது.

சரி, தம்ளரை இறுக்கி மூடி வைத்திருந்தால்? முதலில் விடையை எழுதிவைத்துவிட்டு, அப்புறம் செய்து பாருங்கள்!