பட்டியலாக மாறிய மதில்

மும்பைத் தரவு மையம் ஒன்றில், மணிக்குச் சில ரூபாய் வாடகையில் ஒரு சர்வரை எடுத்துப் பாருங்கள். அதற்குப் பெயர் வைக்க வேண்டாம், அதில் இணையதளம் எதையும் ஏற்ற வேண்டாம், முகவரியை யாரிடமும் சொல்லவும் வேண்டாம். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் 22-ஆம் எண் போர்ட்டை மட்டும் ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சர்வரின் பதிவேட்டில் அந்நியர்கள் வந்துபோன தடம் வரிவரியாகக் கிடக்கும். 'ரூட்' என்ற பெயரில் ஒருவர் நுழையப் பார்த்திருப்பார். அடுத்து 'அட்மின்', பிறகு 'டெஸ்ட்', 'உபுண்டு', 'ஒரேக்கிள்' என்று வரிசை நீளும்.

உங்கள் மேல் யாருக்கும் தனிப்பகை கிடையாது. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேக இணைப்பும் இருந்தால், உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். ஆய்வாளருக்குக் கைவந்த வித்தை திருடருக்கும் கைவரும். புதிதாகப் பிறந்த சர்வரைத் தேடி யாரும் வருவதில்லை; எல்லா எண்களையும் தட்டிக்கொண்டு போகிறவர்களின் வழியில் அதுவும் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது சர்வரின் காவல் மதிலான ஃபயர்வாலில் விதியை மாற்றி, 22-ஆம் போர்ட்டுக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்று வையுங்கள். பதிவேடு ஓய்ந்துவிடும். தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்; அவர்கள் அனுப்பும் பாக்கெட் சர்வர் வரை வந்து சேர்வதில்லை. ஃபயர்வால் இல்லாத கணினியில், எந்த நிரலும் பயன்படுத்தாத போர்ட்டைத் தட்டினால், 'இங்கே யாரும் இல்லை' என்று ஒரு மறுப்பு திரும்பிப் போகும். அந்த மறுப்பே துப்புதான்: இந்த முகவரியில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. வாடகைச் சர்வரைக் காக்கும் ஃபயர்வால் அந்தப் பதிலைக்கூடத் தராது. பாக்கெட்டை அப்படியே விழுங்கிவிடும்.

விழுங்கும் இடம் எது என்பதில்தான் சுவாரசியம். 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு நிரல், அன்றைய சின்னஞ்சிறு இணையத்தில் ஏறத்தாழ 6,000 கணினிகளைத் திணறடித்தது என்பது அக்காலத் தோராயக் கணக்கு. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் தங்கள் வலைப்பின்னலுக்கும் வெளியுலகுக்கும் நடுவே ஃபயர்வால் வைக்கப் பழகின. அது கையால் தொடக்கூடிய பெட்டி. பெட்டிக்கு இந்தப் பக்கம் நம்மவர், அந்தப் பக்கம் அயலார். வாடகைச் சர்வரில் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே இரும்புப் பெட்டிக்குள் உங்கள் மெய்நிகர் சர்வரும், முன்பின் அறியாத ஒருவரின் மெய்நிகர் சர்வரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சர்வரைச் சுற்றியும் தனித்தனி மதில் தேவை.

2006 ஆகஸ்டில் சோதனை வடிவில் அறிமுகமான அமேசானின் ஈசி2 சேவையில் இந்த மதிலுக்கு செக்யூரிட்டி குரூப் என்று பெயர். அது உங்கள் சர்வருக்குள் ஓடும் மென்பொருள் இல்லை. சர்வரைச் சுமக்கும் இயந்திரத்தில், வெளியே இருந்துகொண்டு பாக்கெட்டுகளைச் சோதிக்கிறது. 2017-இல் அறிவிக்கப்பட்ட நைட்ரோ வகை இயந்திரங்களில் இந்த வேலைக்கென்றே தனி அட்டை இருக்கிறது. எவனோ ஒருவன் சர்வருக்குள் புகுந்து ரூட் அதிகாரத்தையே பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன ஆட்டம் வேண்டுமானாலும் ஆடலாம், மதிலில் ஒரு செங்கல்லைக்கூட அங்கிருந்தபடி அசைக்க முடியாது.

மதில் என்று சொன்னாலும், அருகில் போய்ப் பார்த்தால் அது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் நெறிமுறை, எந்த போர்ட் முதல் எந்த போர்ட் வரை, யாரிடமிருந்து என்ற தகவல்கள் இருக்கும். 'டிசிபி, 443 முதல் 443 வரை, 0.0.0.0/0' என்றால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பான இணையப் பக்கத்தைக் கேட்கலாம். '203.0.113.45/32' என்றால் அந்த ஒரு முகவரி மட்டும்; அதையே /24 என்று எழுதினால் 256 முகவரிகள். நெறிமுறை இருக்கும் இடத்தில் -1 என்று போட்டால் எல்லா நெறிமுறையும், எல்லா போர்ட்டும். ஒரு மைனஸ் குறிக்கு இத்தனை வலிமை கூடாது என்பது என் கட்சி.

இந்தப் பட்டியலில் அனுமதி மட்டுமே எழுத முடியும். 'இவனை விடாதே' என்று எழுத இடமில்லை. பட்டியலில் இல்லாத எதுவும் தானாகவே தடைபடும். குறிப்பிட்ட ஒருவனைத் தடுக்க வழியில்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. அதற்கு நெட்வொர்க் ஏசிஎல் என்று வேறொரு சாதனம் இருக்கிறது, அங்கே வரிகளுக்கு எண் போட்டு வரிசைப்படி பார்ப்பார்கள். எனக்கு இந்தக் குறை பிடித்திருக்கிறது. தடை என்ற ஒன்றே இல்லாததால் வரிகளின் வரிசைக்குப் பொருளில்லை. முதல் வரியைக் கடைசியில் போட்டாலும் விடை ஒன்றுதான். பழைய ஃபயர்வால்களில் மேல் வரி கீழ் வரியைச் செல்லாக்காசாக்கிவிடும் குழப்பத்தில் இரவெல்லாம் விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செக்யூரிட்டி குரூப்புக்கு நினைவும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கடைக்குப் போய்த் திரும்புகிறவரிடம் 'யாரைப் பார்க்கணும்?' என்று வாட்ச்மேன் கேட்பதில்லை அல்லவா, அதைப் போல சர்வர் தானாக வெளியே கேட்ட கேள்விக்கு வரும் பதிலை, உள்ளே வர விதி இல்லாவிட்டாலும், அது விட்டுவிடும். இதில் ஒரு சூட்சுமம். விதியை நீக்கினாலும், அந்த விதியின் பேரில் ஏற்கெனவே உள்ளே வந்து நினைவில் பதிந்துவிட்ட இணைப்பு உடனே அறுபடாது. பல சர்வர் வகைகளில், சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பைக்கூட 5 நாள் வரை நினைவில் வைத்திருப்பது இயல்பான அமைப்பு. விதியை நீக்கிவிட்டோம், ஆள் வெளியே போய்விட்டான் என்று நிம்மதியாகத் தூங்கப் போவது சரியல்ல.

மதில் பட்டியலாகிவிட்டால், பட்டியலை எழுத மனிதக் கை எதற்கு? பைத்தான் மொழிக்காக மிட்ச் கார்னாட் தொடங்கிய போட்டோ என்ற நூலகம் இந்த இடத்தில்தான் வருகிறது. அமேசான் ஆற்று டால்பினின் பெயர் அதற்கு. இன்று புழங்கும் போட்டோ3 என்ற வடிவம் 2015-இல் வந்தது. ஒரு விதியைச் சேர்க்க ஓர் ஆணை, நீக்க ஓர் ஆணை, இருப்பதைப் பார்க்க ஓர் ஆணை. பெரும்பாலான வேலை இந்த மூன்றிலேயே முடிந்துவிடும். சேர்க்கும் ஆணையில் குரூப்பின் அடையாள எண், டிசிபி, 22, 22, முகவரி, ஒரு சிறு குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்.

அந்த ஒற்றை வரி ஓடும்போது திரைமறைவில் நடப்பது வேறு உலகம். உங்களிடம் இருக்கும் ரகசியச் சாவியை நூலகம் வெளியே அனுப்புவதே இல்லை. சாவியோடு இன்றைய தேதியைச் சேர்த்து அரைக்கிறது. வருவதோடு, சர்வர் இருக்கும் வட்டாரத்தின் பெயரைச் சேர்த்து அரைக்கிறது. பிறகு சேவையின் பெயர். இப்படிப் படிப்படியாகப் பிறக்கும் புதுச் சாவியால் ஆணையின் மீது கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் அனுப்புகிறது. மறுமுனையில் அமேசான் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துவந்தால் ஆணையை ஏற்கும். நடுவழியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒத்துவராது. நேரமும் கையொப்பத்துக்குள் அடக்கம் என்பதால், உங்கள் கணினியின் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தால் சரியான சாவி இருந்தும் ஆணை திருப்பி அனுப்பப்படும்.

நம் வீட்டுப் பிராட்பேண்டில் ஐபி முகவரி நிலையாக இருப்பதில்லை. மோடத்தை அணைத்துப் போட்டால் மாறிவிடலாம். நேற்று எழுதிய விதி இன்று பயன்படாது. வேலை தெரிந்தவர்கள் இதற்கு இருபது முப்பது வரியில் ஒரு நிரல் வைத்திருப்பார்கள். அது முதலில் தன் முகவரி என்ன என்று வெளியே கேட்கும். அதற்கென்றே ஓர் இணைய முகவரியை அமேசான் வைத்திருக்கிறது. பிறகு புது முகவரியைச் சேர்த்துவிட்டு, பழையதை நீக்கும். இந்த வரிசை முக்கியம். முதலில் நீக்கிவிட்டு, சேர்ப்பதற்குள் மின்சாரம் போனால் நீங்களும் வெளியே நிற்பீர்கள். ஏற்கெனவே இருக்கும் விதியை மறுபடி சேர்த்தால் 'நகல்' என்று பிழை வரும், அதைப் பொருட்படுத்தாமல் போகச் சொல்ல வேண்டும். ஒத்திகை பார்க்கவும் வசதி உண்டு: எதையும் மாற்றாமல், உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். அனுமதி இருந்தால் அந்த நல்ல சேதியும் பிழைச் செய்தியாகத்தான் வரும். முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள்.

மொபைல் டேட்டாவில் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அங்கே ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். /32 என்று எழுதிவிட்டதால் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று ஆகிவிடாது.

வெளியே நிற்பது பற்றிச் சொன்னேன். முன்பெல்லாம் சர்வருக்குள்ளேயே ஓடும் ஃபயர்வாலைத் தொலைவிலிருந்து திருத்தும்போது, ஒரு விதி தவறினால் திருத்துகிறவரின் இணைப்பே அறுந்துபோகும். அதனால் 'ஐந்து நிமிடத்தில் எல்லா விதிகளையும் துடைத்துவிடு' என்று முன்கூட்டியே ஒரு கட்டளையைப் போட்டு வைத்துவிட்டுத்தான் கையை வைப்பார்கள். போட்டோ3 வழியே செய்யும்போது அந்தப் பயம் இல்லை. 22-ஆம் போர்ட்டை மூடும் ஆணை 22-ஆம் போர்ட் வழியாகப் போவதில்லை. அது அமேசானின் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேறு பாதையில் போகிறது.

செக்யூரிட்டி குரூப்பிலேயே எனக்கு மிக அழகாகப் படும் அம்சம், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு குரூப்பின் பெயரையே எழுதலாம் என்பது. தரவுத்தளத்தின் பட்டியலில் '5432-ஆம் போர்ட், இணையச் சர்வர் குரூப்பிலிருந்து' என்று ஒரு வரி. தீபாவளி விற்பனைக்கு இணையச் சர்வர்கள் இரண்டிலிருந்து இருபது ஆகட்டும், முகவரிகள் எல்லாம் மாறட்டும், அந்த வரியை யாரும் தொட வேண்டியதில்லை. ஒரு குரூப்புக்கு 60 உள்வரு விதிகள் என்ற இயல்பான வரம்புக்குள் பெரிய நிறுவனங்களும் காலம் தள்ள முடிவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் மதிலை நிரல் எழுதுமானால், நிரலின் சாவியைத் திருடியவனும் எழுதுவான். திருடன் இல்லாமலேயே பாழாவதும் உண்டு. 2017 ஜனவரியில் இணையத்துக்குத் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்களைத் தானியங்கி நிரல்கள் துடைத்தெறிந்துவிட்டு, பிணைப்பணம் கேட்டுக் கடிதம் வைத்துப் போயின. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பெரும்பாலானவற்றில் கடவுச்சொல்லே இல்லை.

ஆகவே அதே நூலகத்தைக் கொண்டு தணிக்கையும் செய்வார்கள். அமேசானின் வட்டாரங்களின் எண்ணிக்கை இப்போது 30-ஐத் தாண்டிவிட்டது. இந்தியாவில் 2016 முதல் மும்பை, 2022 முதல் ஹைதராபாத். கணக்கில் திறந்திருக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போய், ஒவ்வொரு குரூப்பிலும் 0.0.0.0/0 என்று திறந்திருக்கும் 22, 3389, 5432 போர்ட்டுகளைப் பொறுக்கி எடுக்க ஒரு சிறு நிரல் போதும். ஐபிவி6-இல் 'எல்லோரும்' என்பதை ::/0 என்று எழுதுவார்கள்; அதைத் தேட மறந்த தணிக்கை பாதித் தணிக்கைதான்.

பொறுக்கி எடுத்த வரிகளில் படிக்க வேண்டியது அந்தச் சிறு குறிப்புதான். 255 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும்தான் செல்லும். தமிழில் எழுதினால் ஏற்காது. பலர் 'டெம்ப்' என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வார்கள். எந்தப் பயனர் எப்போது அந்த ஆணையைக் கொடுத்தார் என்று அமேசானின் கிளவுட்டிரெயில் பதிவில் தேடலாம், தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் 90 நாள் வரைக்கும். அதற்குப் பிறகு அந்த 'டெம்ப்' யார் வைத்தது என்று அலுவலகத்தில் கேட்டால், வேலையை விட்டுப் போனவரின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.