பாதாளச் சாக்கடை: பணம் எங்கிருந்து வருகிறது? ஆலந்தூர் போட்ட கணக்கு

சென்னையை ஒட்டிய ஆலந்தூர், 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த நகராட்சி. தொண்ணூறுகளில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் லாரி, லாரிக்குக் காசில்லாத வீட்டுக்குத் தெருவோரக் கால்வாய். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவரானார். அவர் தலைமையிலான மன்றம் கையிலெடுத்த பெரிய வேலை பாதாளச் சாக்கடை. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம். நகராட்சியின் சொந்த வருமானத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது.

இப்படியொரு திட்டம் காகிதத்தில் எப்படித் தொடங்குகிறது? முதல் கேள்வி, ஊரில் எவ்வளவு கழிவுநீர் உண்டாகும் என்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கினால், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் பேருக்குத் தினமும் ஒரு கோடியே எட்டு லட்சம் லிட்டர். அதுவும் இன்றைய மக்கள்தொகைக்கு மட்டும் திட்டமிட்டால் போதாது. குழாயைப் புதைத்த பிறகு அகலப்படுத்த முடியாது என்பதால், 30 ஆண்டுகளுக்குப் பிந்தைய மக்கள்தொகையை வைத்துத்தான் விட்டம் முடிவாகிறது.

அடுத்தது சரிவு. குடிநீரை அழுத்தம் கொடுத்து மேட்டுக்கும் ஏற்றலாம். சாக்கடை பெரும்பாலும் தன் எடையில்தான் ஓட வேண்டும். சமதளமான ஊரில் குழாய் போகப் போக ஆழம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் தோண்டுவது கட்டுப்படியாகாது. அங்கே நீரேற்று நிலையம் கட்டி, கழிவுநீரை மேலே தூக்கி மறுபடி ஓட விடுகிறார்கள். அந்த மோட்டார்களுக்கான மின்கட்டணம் அன்று தொடங்கி என்றைக்கும் நிற்காது. ஆலந்தூரின் கழிவுநீர் பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

இனிப் பணம். மானியம் கொஞ்சம், தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற நிறுவனங்களின் கடன் கொஞ்சம் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான வழி. ஆலந்தூர் இதோடு குடிமக்களிடமும் கேட்டது, அதுவும் வேலை தொடங்கும் முன்பே. குடியிருப்புக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை. தொண்ணூறுகளின் இறுதியில் பல குடும்பங்களுக்கு 5,000 என்பது ஒரு மாதச் சம்பளம். தோண்டாத குழிக்கு முன்பணம் கேட்டால் யார் நம்புவார்கள்? தலைவரும் உறுப்பினர்களும் குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசினார்கள். வசூலான தொகை நகராட்சியின் மற்றச் செலவுகளில் கலந்துவிடாதபடி தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. மக்கள் கட்டினார்கள்.

இந்த முன்பணத்தின் பெருமதிப்பு ரூபாயில் மட்டும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாக்கடைக் குழாயில் கழிவுநீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் கசடும் தங்காமல் அடித்துச் செல்லப்படும். பெரிய குழாயைப் பதித்துவிட்டு, தெருவில் பாதி வீடுகள் இணைப்பு வாங்காமல் விட்டால் ஓட்டம் மெலிந்து, குழாய் அடைத்துக்கொள்ளும். கோடிகள் கொட்டிய பல ஊர்த் திட்டங்கள் நொண்டுவது இந்த இடத்தில்தான். முன்பணம் கட்டிய வீடோ கட்டாயம் இணைப்பு வாங்கும். கடன் கொடுப்பவருக்கும் அதில் ஒரு உறுதி கிடைக்கிறது: இத்தனை வீடுகள் மாதக் கட்டணம் கட்டப் போகின்றன, தவணை தவறாது.

சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் முதலீட்டில் கட்டி, சில ஆண்டுகள் இயக்கி, பிறகு ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். முதல் கட்டக் கொள்ளளவு நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர். சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி பணம் தர வேண்டும். ஒரு குறைந்தபட்ச அளவுக்கு உத்தரவாதமும் உண்டு. அதாவது வீட்டு இணைப்புகள் தாமதமானால், வந்து சேராத கழிவுநீருக்கும் பணம் கொடுக்க நேரும். இங்கும் எல்லாம் இணைப்பின் மேல்தான் நிற்கிறது.

சிறிய ஊர்கள் தனியாகக் கடன் சந்தைக்குப் போவது கடினம். அதற்காக 2002-03இல் தமிழ்நாடு பல நகர்ப்புற உள்ளாட்சிகளை ஒன்று சேர்த்து, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கூட்டுக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல் முயற்சி.

கட்டி முடிப்பதற்கு விழா உண்டு. பராமரிப்புக்கு விழா இல்லை. மாதக் கட்டணத்தை உயர்த்தத் தேர்தல் பயத்தில் மன்றங்கள் தயங்குகின்றன. கட்டணம் போதாவிட்டால் அடைப்பு நீக்கும் இயந்திரம் வாங்கப் பணமிருக்காது. அப்போது யாரோ ஒரு ஏழைத் தொழிலாளியை ஆள்நுழை குழிக்குள் இறக்குகிறார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே இயந்திரச் செலவைத் திட்ட அறிக்கையிலேயே சேர்க்காத மன்றம் சிக்கனம் பிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்தச் செலவை அது ஒரு தொழிலாளியின் உயிர் மீது ஏற்றுகிறது.

ஆலந்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று வேறு ஊர்களில் இதே திட்டம் மத்திய அரசின் அம்ருத் நிதி, மாநில நிதி, உள்ளாட்சியின் பங்கு என்று வருகிறது. உங்கள் ஊரில் தெருவைத் தோண்டத் தொடங்கும் முன் வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்: வைப்புத்தொகை தனிக் கணக்கில் இருக்கிறதா? முதல் ஆண்டில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு? மின்கட்டணத்துக்கும் அடைப்பு நீக்கும் இயந்திரத்துக்கும் ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்கீடு? பதில் வாய்மொழியாக வேண்டாம், மன்றத் தீர்மானத்தின் நகலாகவே கேட்டு வாங்குங்கள்.