பழைய கதிரைக்குப் புது மெருகு

1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து, பின்னர் ஊர் திரும்பியவர்களில் பலர் கண்டது கதவு, யன்னல் நிலைகூடக் கழற்றப்பட்ட வீடுகளையே. சீதனமாக வந்த அலுமாரியை இனி எங்கே தேடுவது? புதிய தளபாடத்துக்குக் கடன் எடுக்க முன்னர், பழைய சாமான் விற்கும் கடைப்பக்கம் ஒருமுறை போய்வாருங்கள்.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டாம். கதிரையைக் கவிழ்த்துக் காலடியைப் பாருங்கள். ஊசியால் குத்த உள்ளே இறங்கினால் அது உழுத்த மரம். மாப்போலத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கக்கூடும், வாங்காதீர்கள். மூட்டு ஆடுவது பெரிய குறையல்ல. பழைய பசையைச் சுரண்டி, புதிய மரப்பசை இட்டு, கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டால் சரி.

முதிரை, தேக்கு, வேம்பு என்றால் அதன்மேல் பெயின்ற் பூசுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவற்றின் வரியே அழகு, ஸ்டெயின் போதும். ஆனால் ஸ்டெயின் மரத்துக்குள் ஊறவேண்டும். ஆகவே பழைய வார்ணிஷ் முழுவதும் போகவேண்டும். 80 ஆம் இலக்க சாண்ட்பேப்பரில் தொடங்கி, 120, 180 என மரவரியின் வழியே தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் ஸ்டெயின் பட்டதும் கறுத்துத் தெரியும். முதலில் அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்து, பிறகு துணியால் மேலே பூசி, சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்துவிடுங்கள். நன்கு காய்ந்தபின் வார்ணிஷ், மெல்லியதாக 2 பூச்சு. பல மரத்துண்டுகள் வைத்துத் திருத்திய சாமானுக்குத்தான் பெயின்ற் ஏற்றது.

ஏற்கனவே பெயின்ற் அடித்த பழைய சாமானில் மிகக் கவனம் தேவை. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தத் தேய்ப்பு வேலையைச் செய்யவே வேண்டாம். மற்றவர்கள் நீரில் நனைத்துத் தேய்க்கும் சாண்ட்பேப்பரைப் பாவித்து, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உடுப்பு மாற்றி, கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வாயைச் சுற்றிக் கட்டும் சேலைத்துண்டு இந்தத் தூளுக்குக் காவலல்ல.

இன்னொன்று: எண்ணெய் ஸ்டெயின் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துவிடுங்கள்.

திருத்தியதை விற்கும் சகோதரிகளிடம் கணக்குக் கொப்பியைக் கேட்டால், வாங்கிய விலை, பெயின்ற், ஓட்டோக் கூலி எல்லாம் இருக்கும். தங்கள் நாட்கூலி மட்டும் இருக்காது. “வீட்டில இருக்கிற நேரம்தானே மிஸ்” என்பார்கள். தச்சுவேலை செய்யும் ஆண் ஒருவர் 3 நாள் வேலையை அப்படி விட்டுவிடுவாரா? உங்கள் ஊரில் மரவேலைக்கு நாட்கூலி எவ்வளவென்று விசாரித்து, அதையும் கொப்பியில் எழுதிக் கூட்டிய பிறகே விலை சொல்லுங்கள்.